டேர்போ இயந்திரமும் பந்தய நியாயமும்

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்லை வழியாக மேலேறும் ஏ4 வீதியில் பழைய பெற்றோல் வாகனத்தைச் செலுத்திய எந்தச் சாரதிக்கும் ஓர் அனுபவம் இருக்கும். கீழே துள்ளி ஓடிய வண்டி பெரகலையை நெருங்கும்போது மூச்சு வாங்கும். ஏற்றம் மட்டும் இதற்குக் காரணமல்ல. மேலே செல்லச் செல்லக் காற்று ஐதாகிறது. சுமார் 4000 அடி உயரத்திலுள்ள தியத்தலாவையில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண இயந்திரத்தின் வலுவும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. டேர்போ பூட்டிய இயந்திரமோ வெளியேறும் புகையின் விசையால் ஒரு சுழலியைச் சுற்றி, காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால், அவ்விழப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்துகொள்கிறது.

தியத்தலாவையின் ஃபொக்ஸ்ஹில் மண்பாதைப் பந்தயத்தைக் காண எமது தோட்டத்து இளைஞர்களும் பலாங்கொடை, மாவனல்லை கராஜ்களில் தொழில் பழகுவோரும் இவ்வீதி வழியே சென்று வந்துள்ளனர். பார்வையாளராக மட்டுமன்றிப் போட்டியாளராகவும் அவர்கள் நிற்கக் கூடுமா என்பதே எமது கேள்வி. இதற்கான விடை பெருமளவு டேர்போ பற்றிய விதியில் தங்கியிருக்கிறது.

இவ்விவாதம் மிகக் கூர்மையாக எழுந்தது பாலைவனங்களில்தான். இருவர் அருகருகே அமர்ந்து செல்லும் சிறிய மணல்வெளி வண்டிகளில் பொலாரிஸ் நிறுவனத்தின் 999 சி.சி. சாதாரண இயந்திரம் 110 குதிரை வலுவைத் தந்தது. அதே நிறுவனத்தின் 925 சி.சி. டேர்போ இயந்திரம் 2017ஆம் ஆண்டு மாதிரியில் 168 குதிரை வலுவைத் தந்தது. அளவில் சிறியது; வலுவில் ஒன்றரை மடங்கு பெரியது! சி.சி.யை மட்டும் பார்த்து இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்துவது நியாயமாகாது. மெக்சிக்கோவின் பாஹா பந்தயங்களை நடத்தும் ஸ்கோர் அமைப்பு, டேர்போ வண்டிகளுக்கும் சாதாரண வண்டிகளுக்கும் தனித்தனிப் பிரிவுகளை வகுத்தது. 2020 முதல் சவூதி அரேபியாவில் நடைபெறும் டக்கார் பந்தயம், 2017இலேயே இவ்வகை வண்டிகளுக்கெனத் தனிப் பிரிவை ஏற்படுத்தியிருந்தது. ஆனால் அதனுள் டேர்போவுக்கும் இடமளித்தது.

டேர்போவைத் தடைசெய்ய வேண்டுமென்று நாம் கூறவில்லை. அது குறுக்கு வழியன்று, நல்ல பொறியியல். எனினும் அதற்குரிய கணக்கு வேண்டும். சர்வதேச மோட்டார் சம்மேளனம் பெற்றோல் டேர்போ இயந்திரத்தின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கும் முறையைக் கையாண்டு வந்துள்ளது. அதன்படி 1997 சி.சி. மிட்சுபிஷி எவலூஷன் காரின் மதிப்பு 3395 சி.சி. ஆகிறது. எமது நாட்டுப் பந்தயங்களில் 3500 சி.சி. வரையான கார்களுக்கென ஒரு பிரிவு நடத்தப்பட்டு வந்திருப்பது இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது.

பெருக்கல் மட்டும் போதுமா? காற்றழுத்தத்தைக் கூட்டுவது சிறு மாற்றத்தால் கைகூடும் காரியம், வெளிப்பார்வைக்குத் தெரியாது. எனவேதான் ரலி பந்தயங்களில், காற்று நுழையும் வாயில் 34 மில்லிமீற்றர் விட்டமுள்ள வளையமொன்றைக் கட்டாயமாக்கினர். 1995இல் ஸ்பெயினின் கற்றலூனியா ரலியில், டொயோட்டா அணி அவ்வளையத்தைச் சுற்றிக் காற்று இரகசியமாக நுழைய வழிசெய்திருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. புள்ளிகள் பறிக்கப்பட்டு, அணிக்குப் பன்னிரண்டு மாதத் தடையும் விதிக்கப்பட்டது. பெரிய நிறுவனத்தையே அளந்து பார்க்க வேண்டியிருந்ததெனில், எமது மைதானங்களில் நம்பிக்கையை மட்டும் கொண்டு பிரிவுகளை நடத்த இயலாது.

வலுக் கணக்கு பாதுகாப்போடும் தொடர்புடையது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஃபொக்ஸ்ஹில்லில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்ததில் ஏழு பேர் உயிரிழந்தனர். அதற்கு டேர்போவே காரணமென நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் எந்தப் பிரிவில் எவ்வளவு வலு ஓடுகிறது என்பதை அறியாமல், பார்வையாளரை எத்தனை அடி தள்ளி நிறுத்துவது?

ஆகவே, ஒவ்வொரு பிரிவிலும் டேர்போ அனுமதிக்கப்படுகிறதா, எந்தப் பெருக்கத்துடன், எந்த வளையத்துடன் என்பதை ஏற்பாட்டாளர்கள் மும்மொழியிலும் முன்கூட்டியே வெளியிட வேண்டும். வெற்றிபெற்ற காரின் காற்று வாயை, தோற்றவரின் முன்னிலையில் அளக்க வேண்டும். டேர்போவுக்குப் பணமில்லாதவர் அதன் பின்னர்தான் தமது பழைய இயந்திரத்துடன் எந்தப் பிரிவில் பதிவு செய்வதென்று தீர்மானிக்க முடியும்.