நவம்பர் 12: வாசல் திறந்த நாள்

நவம்பர் 12 ஆம் தேதி ஐப்பசித் திங்களின் நிறைவுப் பகுதியில் அமைவது. துலா ஸ்நானத்திற்காகக் காவிரிக் கரையை நாடுவோரும், கார்த்திகை முதல் நாளில் மாலையணிய ஆயத்தமாகும் அடியார்களும் நிறைந்திருக்கும் புண்ணிய காலம் அது. 1936, 1946, 1947 ஆகிய மூன்று ஆண்டுகளில் இதே தேதியில் திருவனந்தபுரத்திலும் காசியிலும் தில்லியிலும் மூன்று நிகழ்ச்சிகள் நடந்தேறின. முதலாவது ஓர் அரசரின் ஆணை. இரண்டாவது ஒரு முதியவரின் மறைவு. மூன்றாவது ஒரு சிறிய வானொலி உரை. மூன்றையும் சேர்த்து நோக்கும்போது, இறைவனின் சந்நிதி யாருக்கு உரியது என்னும் ஒரே கேள்வி அவற்றினூடே ஓடுவதைக் காணலாம்.

பத்மநாப தாசரின் பிரகடனம்

திருவிதாங்கூர் மன்னர்கள் தங்களைப் பத்மநாப தாசர்கள் என்றே சொல்லிக்கொண்டவர்கள். 1750 இல் மன்னர் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டையே அனந்தபத்மநாப சுவாமியின் திருவடிகளில் சமர்ப்பித்தார். அது முதல் அரசு பெருமாளுடையது. மன்னர் அவருடைய ஊழியர். அத்தகைய பக்தி நாட்டிலேயே, அனந்தபத்மநாபனின் பிரஜைகளில் பெரும்பகுதியினர் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க முடியாதிருந்தனர். பல ஊர்களில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடக்கவும் அவர்களுக்குத் தடை இருந்தது.

இந்தத் தடையை நீக்கக் கோரி வைக்கத்தில் 1924 மார்ச் 30 அன்று சத்தியாக்கிரகம் தொடங்கியது. தமிழகத்திலிருந்து ஈ.வெ.ராமசாமியும் அவர்தம் துணைவியார் நாகம்மையும் சென்று அதில் பங்கேற்றனர். ஸ்ரீ நாராயண குருவின் நல்லாதரவு அதற்கு இருந்தது. 1925 இல் காந்தியடிகள் நேரில் வந்து வைதிகப் பெரியோர்களுடன் உரையாடினார். அவ்வாண்டின் இறுதியில் போராட்டம் முடிவுற்றபோது வீதிகளின் பெரும்பகுதி திறந்தது. கோயில் வாசல் திறக்கவில்லை. சுசீந்திரத்திலும் டாக்டர் எம்.இ.நாயுடு போன்றோர் இதே உரிமைக்காகப் பாடுபட்டனர்.

1931 இல் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஐப்பசிச் சித்திரை நட்சத்திரத்தில் அவதரித்தமையால் அமைந்த திருப்பெயர் அது. மறு ஆண்டே ஆலயப் பிரவேசம் குறித்து ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆகம முறை, தந்திரிகளின் கருத்து, மக்களின் மனநிலை ஆகியவை நெடிது விவாதிக்கப்பட்டன. திருவிழாவும் பூஜையும் தம்மைக் கைவிட்டன எனக் கருதி, ஒதுக்கப்பட்ட மக்களுள் பலர் சமயத்தையே துறந்து செல்லும் எண்ணத்தை வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய காலம் அது.

1936 நவம்பர் 12 அன்று, பிறந்த நட்சத்திர நாளை ஒட்டி, 24 வயதே நிரம்பிய மகாராஜா பிரகடனத்தில் கையொப்பமிட்டார். பிறப்பாலோ சமயத்தாலோ இந்துவாக உள்ள எவரும் அரசின் ஆளுகைக்குட்பட்ட ஆலயங்களுள் சென்று வழிபட இனி எந்தத் தடையும் இல்லை என்பது அதன் சாரம். ஆலயத்தின் தூய சூழலையும் பூஜை முறைகளையும் காப்பதற்குரிய விதிகள் மட்டும் தொடரும் எனவும் அதில் கூறப்பட்டது. அப்போது திவானாக இருந்தவர் சர் சி.பி.ராமசுவாமி ஐயர். சில வரிகளில் அடங்கிவிடும் அந்த ஆணை, பல நூற்றாண்டுகளாகப் பூட்டியிருந்த கதவுகளைத் திறந்தது.

தமிழ் அன்பர்களுக்கு இது அயல்நாட்டுச் செய்தி அன்று. கன்னியாகுமரி பகவதியம்மன், சுசீந்திரம் தாணுமாலயன், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள், நாகர்கோவில் நாகராஜர் ஆகிய சந்நிதிகள் யாவும் அன்று திருவிதாங்கூரில் அடங்கியிருந்தன. 1956 நவம்பர் 1 அன்றுதான் அப்பகுதி தமிழகத்துடன் இணைந்தது. ஆகவே இன்றைய தமிழகக் கோயில்கள் பலவற்றின் வாசலைத் திறந்ததும் அதே பிரகடனமே.

1925 இல் காந்தியடிகள் கன்னியாகுமரிக்கு வந்தபோது, கடல் கடந்து சென்று வந்தவர் என்பதால் அம்மன் ஆலயத்தின் உள்ளே அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1937 ஜனவரியில் அவர் மீண்டும் திருவிதாங்கூர் வந்தார். இம்முறை அதை ஒரு தீர்த்த யாத்திரை என்றே கருதினார். இதுகாறும் வெளியே நின்ற மக்களுடன் சேர்ந்து திருவனந்தபுரம் தொடங்கிப் பல தலங்களில் தரிசனம் செய்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக வாழ்நாள் முழுதும் உழைத்த அய்யன்காளியையும் வெங்கானூரில் அப்போது சந்தித்தார்.

திருநாளைப்போவாருக்காகத் திருப்புன்கூரில் நந்தியை விலகச் செய்த சிவபெருமானையும், லோகசாரங்க முனிவரின் தோளில் திருப்பாணாழ்வாரை ஏற்றித் தன் முன்னே வரவழைத்த அரங்கனையும் நாம் அறிவோம். அடியாரைத் தடுத்து நிறுத்தியது மனிதர் வகுத்த எல்லை. விலக்கியது இறைவனின் திருவுள்ளம். அத்திருவுள்ளத்தை ஓர் அரசாணையாக எழுதிய நாள் 1936 நவம்பர் 12.

திருவிதாங்கூரில் ஏற்றிய விளக்கு மதுரையிலும் சுடர்விட்டது. 1939 ஜூலை 8 அன்று ஏ.வைத்தியநாத ஐயர், பின்னாளில் தமிழக அமைச்சராக விளங்கிய கக்கன் உள்ளிட்ட அன்பர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் சென்றார். ராஜாஜியின் அரசு அதே ஆண்டில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. எல்லோருக்கும் திறவாத மீனாட்சி ஆலயத்தினுள் நுழையாதிருந்த காந்தியடிகள், 1946 இல் மதுரை வந்தபோது அன்னையைத் தரிசித்தார்.

காசியில் மறைந்த மாளவியர்

பத்தாண்டுகள் கழித்து, 1946 நவம்பர் 12 அன்று, பண்டித மதன் மோகன் மாளவியர் காசியில் இறைவனடி சேர்ந்தார். 1861 டிசம்பர் 25 அன்று பிரயாகையில் பிறந்த அவருக்கு அப்போது 84 வயது.

மாளவியர் ஆசார சீலர். உணவிலும் அனுஷ்டானத்திலும் சிறிதும் வழுவாதவர். வட்டமேசை மாநாட்டிற்காக லண்டன் சென்றபோதும் கங்கை நீரை உடன் கொண்டு சென்றவர் என்பர். அன்னி பெசன்ட் அம்மையார் நிறுவிய மத்திய இந்துக் கல்லூரியைக் கருவாகக் கொண்டு, ஊர் ஊராகச் சென்று நன்கொடை திரட்டி, 1916 வசந்த பஞ்சமியன்று காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கு அடிக்கல் நாட்டச் செய்தார். மன்னர்களும் தந்தார்கள், ஏழைகளும் தந்தார்கள். அவர் எவரிடமும் கையேந்தத் தயங்கவில்லை. முதுமையில் தம் துணைவேந்தர் பொறுப்பை 1939 இல் ஒப்படைத்தது, திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனிடம்.

இத்தகைய வைதிகப் பெருமகன், 1932 செப்டம்பர் 25 அன்று பம்பாயில் கூடிய இந்துத் தலைவர்களின் மாநாட்டிற்குத் தலைமை வகித்தார். பிறப்பினால் எவரையும் தீண்டத்தகாதவராகக் கருதுதல் இனி கூடாது. கிணறு, பள்ளி, சாலை ஆகியவற்றில் அனைவருக்கும் சம உரிமை உண்டு. ஆலயத் தடையையும் முறையான அமைதி வழிகளில் விரைவில் நீக்க வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானித்தது. ஆசாரத்தைத் தம்மளவில் கடுமையாகக் கடைப்பிடித்த ஒருவர், அதைப் பிறரை விலக்கும் வேலியாக ஆக்காதிருந்தார். பெரியோர்கள் சிந்தையில் இருத்த வேண்டிய பண்பு இது.

பல்கலைக்கழக வளாகத்தில் விசுவநாதருக்கு ஓர் ஆலயம் எழ வேண்டும், அங்கே எல்லோரும் தடையின்றி வழிபட வேண்டும் என்பது அவர் விழைவு. 1931 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அக்கோயில் 1966 இல் தான் நிறைவுற்றது. காசி யாத்திரை செல்லும் அன்பர்கள் கீதை சுலோகங்கள் பொறித்த அதன் சலவைக்கல் சுவர்களைக் கண்டிருக்கக்கூடும். கட்டி முடித்ததைக் காண மாளவியர் இல்லை. ஆயினும் அங்கே யார் வருகிறார் என்று எவரும் கேட்பதில்லை.

குருக்ஷேத்திரத்திற்கு ஒரு தீபாவளிச் செய்தி

மாளவியர் மறைந்த வேளையில் காந்தியடிகள் நவகாளியில், கலவரத்தால் நிலைகுலைந்த கிராமங்களிடையே இருந்தார். சரியாக ஓராண்டு சென்றது. நாடு விடுதலை பெற்றது, கூடவே பிரிந்தது. 1947 நவம்பர் 12 அன்று வடநாட்டில் தீபாவளித் திருநாள். கண்ணன் கீதையை அருளிய குருக்ஷேத்திரத்தில், வீடும் நிலமும் இழந்து மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கூடாரங்களில் தங்கியிருந்தனர். தீபமேற்ற அவர்களுக்கு வாசல் இல்லை.

நேரில் சென்று அவர்களைக் காண காந்தியடிகளால் அன்று இயலவில்லை. ஆகவே தில்லி வானொலி நிலையத்திற்குச் சென்று அவர்களுக்காகப் பேசினார். அந்நிலையத்திற்குள் அவர் அடியெடுத்து வைத்தது வாழ்வில் அந்த ஒரு முறைதான். துயரத்தைத் துணிவுடன் தாங்குதல், முகாமைத் தூய்மையாக வைத்திருத்தல், இயன்ற உழைப்பை நல்குதல் ஆகியவற்றையே அவர் வேண்டினார். சுமார் பதினொரு வாரங்களில், 1948 ஜனவரி 30 அன்று, அவர் மறைந்தார். இந்நாள் இன்று பொதுச் சேவை ஒலிபரப்பு நாளாகப் போற்றப்படுகிறது.

நாம் செய்யத்தக்கது

நம் தந்தையர் காலத்தில் கோபுரத்தை மட்டும் கண்டு கும்பிட்டுத் திரும்பியவர்கள் கோடிக்கணக்கானோர். அந்தத் தலைமுறையை நேரில் அறிந்த பெரியோர்கள் இன்று குறைந்து வருகின்றனர். இவ்வாண்டு நவம்பர் 12 அன்று ஆலயம் செல்லும்போது பேரக்குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லலாம். வாசற்படியில் ஒரு கணம் நின்று, இவ்வாசல் எல்லோருக்கும் திறந்த வரலாற்றை அவர்களுக்குச் சொல்லலாம். வரிசையில் தயங்கி ஒதுங்கி நிற்பவர் எவரேனும் இருப்பின், அவருக்கு முன்னிடம் தந்து பின்னர்த் தரிசிக்கலாம். எல்லோரையும் ஏற்கும் இறைவன் அதனை உவந்து ஏற்பான்.