தராசுக்குப் போகும் டிரில் மெஷின்கள்

எந்த ஊர்க் காயலான் கடைக்குள் நுழைந்தாலும், ஓட்டை பக்கெட், கால் உடைந்த நாற்காலி, துருப்பிடித்த கட்டில் கம்பி இவற்றுக்கு நடுவே ஒரு டிரில் மெஷின் கிடக்கும். வயரை உடம்பிலேயே சுற்றியிருப்பார்கள். பிளக்கை யாரோ வெட்டி எடுத்துப் போயிருப்பார்கள். சக்கில் பாதி முறிந்த பிட் மாட்டியபடியே இருக்கும். கடைக்காரருக்கு அது ஏறக்குறைய ஒன்றரை கிலோ. கொஞ்சம் செம்பு, கொஞ்சம் அலுமினியம், கொஞ்சம் இரும்பு, மிச்சம் பிளாஸ்டிக். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்து தராசுக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

அதே மெஷினை டூல்ஸ் ரிப்பேர் செய்பவர் கையில் கொடுங்கள். அவர் எடை பார்ப்பதில்லை. காற்றுப் போகும் துவாரங்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார். பிறகு சக்கைக் கையால் திருகிப் பார்க்கிறார். கருகிய வார்னிஷ் வாடை அடிக்கவில்லை, சக் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது என்றால் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். அந்த மெஷின் பிழைத்துவிடும்.

இப்படிப் பிழைக்கக்கூடியவை ஏராளமாகத் தராசுக்குப் போகின்றன. ரிப்பேர் மேஜைக்கு வருகிற டிரில்களில் திரும்பத் திரும்பத் தென்படுகிற கோளாறுகள் சாதாரணமானவை: கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் அறுந்த வயர், தேய்ந்துபோன கார்பன், தூசி அடைத்த ஸ்விட்ச். மூன்றுமே சில நிமிட வேலை. மூன்றிலும் மெஷின் பார்ப்பதற்கு ஒரேயடியாகச் செத்த மாதிரிதான் இருக்கும். சொந்தக்காரர் விட்டெறிவதற்கு அதுவே போதும்.

டிரில்லின் உள்ளே இருப்பது ‘யுனிவர்சல் மோட்டார்’ என்ற வகை. ஏ.சி.யிலும் ஓடும், டி.சி.யிலும் ஓடும் என்பதால் அந்தப் பெயர். மிக்ஸியிலும் இதே வகைதான். ஓரமாக அசையாமல் நிற்கும் ஃபீல்டு காயில், நடுவில் சுழலும் ஆர்மேச்சர் இரண்டும் ஒரே வரிசையில் இணைந்திருக்கும். ஒன்றில் பாயும் மின்சாரம்தான் மற்றதிலும் பாய வேண்டும். சுழன்றுகொண்டே இருக்கிற ஆர்மேச்சருக்கு வயரைக் கட்டிவிட முடியாதல்லவா? அதற்காகத்தான் கார்பன். சின்ன ஸ்பிரிங் அழுத்த, இரண்டு கரித்துண்டுகள் இரண்டு பக்கமும் ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகள்மீது உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கடத்துகின்றன. அந்தப் பட்டை வளையத்துக்குக் கம்யூட்டேட்டர் என்று பெயர். ஆர்மேச்சர் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல்கூட ஓடும். பல்சக்கரங்கள் அதைக் குறைத்து, சக்கில் 3,000 சுற்றுக்குப் பக்கமாகத் தருகின்றன.

உரசுகிற பொருள் தேயத்தான் செய்யும். செம்பு தேயாமல் கரி தேயட்டும் என்றுதான் இதை அமைத்தார்கள். கார்பன் என்பது பென்சில் ரப்பர் மாதிரி, தீர்ந்தால் மாற்றுவதற்காகவே வைத்த பொருள். பல மெஷின்களில் பக்கவாட்டில் இரண்டு வட்ட மூடிகள் இருக்கும். ஸ்குரூ டிரைவரால் திருகினால் ஸ்பிரிங்கோடு கார்பன் வெளியே வந்துவிடும். மற்ற மெஷின்களில் உடலின் திருகாணிகளைக் கழற்றித் திறக்க வேண்டும். வெளியே எடுத்த கார்பன் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அதன் வேலை முடிந்தது. சில கார்பன்களுக்குள் ஒரு குட்டி முளை ஒளிந்திருக்கும். கரி தேய்ந்ததும் அது வெளியே துருத்தி, கார்பனைச் செம்பிலிருந்து தூக்கிவிடும். கம்யூட்டேட்டர் கீறிப்போகாமல் காக்கவே மோட்டார் தானாக நின்றுவிடுகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்ற அந்த மெஷினைத்தான் செத்ததாக நினைத்து வீசிவிடுகிறோம்.

மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுக் கார்பன் அதன் கூட்டுக்குள் இறுக்கமில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். முனை செம்பின் வளைவுக்கு ஏற்பப் படிவதற்குச் சில நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல் நேரே சுவரில் வைத்து அழுத்துகிறவர்கள்தான் ‘புதுசு போட்டும் பொறி பறக்குது’ என்று மறுவாரமே திரும்பி வருகிறார்கள்.

கம்யூட்டேட்டரை அனுபவமுள்ள கண் நாடி பார்ப்பதுபோலப் பார்க்கும். வளையம் முழுவதும் சீரான பழுப்பு மெருகோடு இருந்தால் ஆரோக்கியம். கறுப்பு படிந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துடைத்தெடுக்கலாம். உலோகத்தைத் தேய்க்கும் எமரி தாள் கூடாது, அதன் துகள் மின்சாரத்தைக் கடத்திப் பட்டைகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் இரண்டு மட்டும் எரிந்து குழி விழுந்திருந்தால் கவலைப்பட வேண்டும். உள்ளே அந்தப் பட்டைகளோடு சேர்ந்த காயில் அறுந்திருக்கிறது என்பதன் அடையாளம் அது. ஓடவிட்டால் கார்பன் முனையில் சின்னப் பொறி தெரிவதற்குப் பதிலாக, வளையத்தைச் சுற்றி நெருப்பு மாலை மாதிரி எரியும்.

அப்போது இரண்டு வழி உண்டு. புது ஆர்மேச்சர் வாங்கிப் போடலாம், அல்லது பழையதற்கே காயில் கட்டலாம். பம்பும் மோட்டாரும் ஊரின் தொழிலாகிவிட்ட கோவைப் பக்கம் காயில் கட்டத் தெரிந்த கைகள் அதிகம். டிரில் ஆர்மேச்சர் கட்டுவது பம்பு மோட்டார் கட்டுவதைவிட நுணுக்கமான வேலை. கம்பி மெல்லியது, காடிகள் குறுகல். சுற்று எண்ணிக்கை பிசகினால் மெஷின் அதிரும். கட்டிய பிறகு வார்னிஷில் நனைத்துச் சூடாக்கி இறுக்காவிட்டால், சுழலும் வேகத்தில் கம்பி வெளியே பிதுங்கிவிடும். சாதாரணப் பத்து மில்லிமீட்டர் டிரில்லுக்கு இந்தச் செலவு தாங்காது என்று ரிப்பேர்க்காரரே சொல்லிவிடுவார். கான்கிரீட் உடைக்கும் பெரிய ஹேமர் மெஷினுக்குத் தாங்கும்.

வயர் கோளாறு இன்னும் எளிது. தச்சரும் பிளம்பரும் மெஷினை வயரைப் பிடித்தே தொங்கவிட்டு மாடி ஏற்றுவார்கள். கைப்பிடி வாயில் வயர் நாளெல்லாம் மடங்கி மடங்கி, மேல் ரப்பர் அப்படியே இருக்க, உள்ளே செம்பிழைகள் ஒவ்வொன்றாக அறும். அந்த இடத்தை லேசாக வளைத்தால் மெஷின் விட்டு விட்டு ஓடுகிறதா, அதுதான் நோய். ஒரு சாண் வயரை வெட்டிவிட்டு மீதியை உள்ளே இழுத்து முடுக்கினால் தீர்ந்தது. மல்டிமீட்டர் இருந்தால், பிளக்கைக் கழற்றிய நிலையில், அதன் இரண்டு ஊசிகளிலும் முனைகளை வைத்து ஸ்விட்சை அழுத்திப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒன்றும் காட்டவில்லை என்றால் பெரும்பாலும் வயர், ஸ்விட்ச், கார்பன் இவற்றில் ஏதோ ஒன்றில் தொடர்பு அறுந்திருக்கும். பழைய கடைகளில் இதே சோதனையைச் சீரிஸ் பல்பு வைத்துச் செய்வார்கள். பழகிய கைக்கு அது சரி, வீட்டில் வேண்டாம்.

திறந்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெயர்ப் பட்டையில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி இருந்தால் அது இரட்டை மின்காப்பு கொண்ட மெஷின். அதற்கு எர்த் கம்பி கிடையாது, இரண்டு கம்பி மட்டுமே. பிடிப்பவர் உயிர் அந்தப் பிளாஸ்டிக் உடலை நம்பியிருக்கிறது. எனவே விரிசல் விட்ட உடலை டேப் சுற்றி ஓட்டுவதும், தொலைந்த திருகாணிக்குப் பதில் நீளமானதைப் போட்டு முறுக்குவதும் ஆபத்து. உள்ளே வயர்கள் அதனதன் காடியில்தான் படுத்திருக்க வேண்டும். பிசகினால் மூடும்போது நசுங்கும். மெஷினைக் கொடுக்குமுன் 500 வோல்ட் மெக்கர் வைத்து மின்கசிவு பார்க்கிற ரிப்பேர்க்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

சக் கழற்றத் தெரியாமல் மெஷினையே கைவிட்டவர்கள் பலர். முன்னும் பின்னும் சுற்றக்கூடிய டிரில்களில் சக்கின் தாடைகளை முழுக்க விரித்தால் அடியில் ஒரு திருகாணி தெரியும். அது இடப்புரி. வழக்கத்துக்கு மாறாக, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் பலம் போட்டு இறுக்கித் தலையை மழுக்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பேரிங் இரைச்சலுக்கும் பயப்பட வேண்டாம். பேரிங்கின் பக்கத்தில் 607, 608 என்று எண் பொறித்திருக்கும். 608 என்றால் உள்துளை 8, வெளி விட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். எந்த நிறுவனம் செய்தாலும் அதே அளவு. குழந்தைகளின் ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருப்பதும் இந்த எண்தான்.

நல்ல மெஷின் ஏன் இந்தக் கதிக்கு வருகிறது? மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில்தான் பூட்டியிருக்கிறது. கான்கிரீட்டில் வைத்து ஆள் எடை முழுவதும் போட்டு அமுக்கும்போது சுழற்சி குறைகிறது, மின்னோட்டம் ஏறுகிறது, சூடு கூடுகிற அதே நேரத்தில் காற்று குறைகிறது. இரண்டு பக்கமும் அடி. சூடேறிய மெஷினை அப்படியே கீழே வைத்து ஆறவிடுவதைவிட, சுவரிலிருந்து எடுத்து வெறுமனே ஒரு நிமிடம் ஓடவிடுவது நல்லது. விசிறியே அதை ஆற்றிவிடும். மரத்துக்கும் செங்கல்லுக்கும் வாங்கிய மெஷினைத் தூண் உடைக்க அனுப்பாமல் இருந்தால் பாதி ஆர்மேச்சர்கள் கருகாது.

ரிப்பேர் செய்ய முடிகிற பொருளாகத்தான் இது பிறந்தது. 1889இல் மெல்பர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட்டும் வில்லியம் பிரெய்னும் மின்சாரத் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் நிறுவனம் கையில் தூக்கிச் செல்லும் டிரில்லைச் செய்தது. துப்பாக்கிப் பிடியும் விசை ஸ்விட்சும் கொண்ட இன்றைய உருவத்துக்கு 1917இல் காப்புரிமை பெற்றவர்கள் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த பிளாக் அண்ட் டெக்கர். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உள்ளே இருக்கிற ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. அதனால்தான் ஒரே மாடலில் செத்த மெஷின்கள் மூன்று கிடைத்தால் இரண்டைத் தேற்றிவிட முடிகிறது. ஒன்றின் ஆர்மேச்சர், இன்னொன்றின் பல்சக்கரம், மூன்றாவதின் ஸ்விட்ச். போஷ், மகிதா போன்ற நிறுவனங்கள் உதிரிபாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடங்களை வெளியிடுகின்றன. பெயர்ப் பட்டையில் உள்ள எண் அழியாமல் இருந்தால் சரியான பாகத்தைத் தேடிவிடலாம். காயலான் கடையில் மெஷின் பொறுக்குகிறவர்கள் அந்தப் பட்டையைத்தான் முதலில் துடைத்துப் படிக்கிறார்கள்.

பேட்டரி டிரில் கதை வேறு. அதில் மோட்டார் நன்றாகவே இருக்கும், பேட்டரி போயிருக்கும். 18 வோல்ட் பேக் என்றால் தலா 3.6 வோல்ட் தரும் லித்தியம் செல்கள் ஐந்து வரிசையாக. ஒன்று கெட்டாலும் பாதுகாப்புச் சர்க்யூட் மொத்தத்தையும் நிறுத்திவிடும். செல் மாற்றுவதை வீட்டில் முயலக் கூடாது. சால்டரிங் சூடு செல்லைக் கெடுக்கும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்தே இணைக்க வேண்டும். ஊதிப்போன செல், பல மாதம் முழுக்க இறங்கிக் கிடந்த செல் இரண்டும் தீப்பிடிக்கக்கூடியவை. அவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

உலகம் முழுவதும் 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் டிரில் மெஷினும் இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. ஆனால் தெருவோரத்தில் செம்புக்காக ஆர்மேச்சரைக் கொளுத்தும் புகை இன்னும் நிற்கவில்லை. அந்தக் கம்பியின் வார்னிஷ் எரியும்போது அருகில் நின்று சுவாசிப்பவர் பெரும்பாலும் கையுறைகூட இல்லாத கூலித் தொழிலாளி.

உங்கள் பரணிலும் ஓடாத டிரில் ஒன்று இருக்கலாம். எடைக்குப் போடுமுன் பிளக் மாட்டாமல் அதை ஒருமுறை முகர்ந்து பாருங்கள், சக்கைத் திருகிப் பாருங்கள். பக்கத்தில் மூடிகள் இருந்தால் கார்பனை வெளியே எடுத்து நீளம் பாருங்கள். தேய்ந்திருந்தால் அந்தக் கரித்துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டூல்ஸ் கடைக்குப் போய், ‘இதே அளவில் ஒரு ஜோடி’ என்று கேளுங்கள்.