புதுச்சேரியில் ஓடாத பிரிட்டிஷ் த்ரில்லர்

மெதுவாக வாங்க, காலடிச் சத்தம் கேட்கக் கூடாது. இரண்டு ஷூட்டிங்கைத் திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கப் போகிறோம். ஒன்று, 1934-ல் லண்டன் லைம் குரோவ் ஸ்டுடியோவில் ஹிட்ச்காக் எடுத்தது. இன்னொன்று, அதற்கு இருபது வருஷத்துக்கும் முன்னால், குருசுக்குப்பத்திலிருந்து தெற்கே பொடிநடையாகப் போய்விடக்கூடிய தெருக்களில் நடந்தது. இரண்டுமே பிரிட்டிஷ் தயாரிப்பு, இரண்டிலும் கதை அரசியல் கடத்தல். லண்டன் படம் ஹிட். நம்மூர்ப் படம் பெட்டிக்குள் போய்விட்டது. எனக்கென்னவோ நம்மூர்ப் படம்தான் பிடித்திருக்கிறது.

முதலில் நம்மூர் லொகேஷன். குருசுக்குப்பத்துக் கடற்கரையிலிருந்து வடக்கே வைத்திக்குப்பம், சோலைநகர் என்று போய்க்கொண்டே இருந்தால் கோட்டக்குப்பம் வந்துவிடும். இன்றைக்கு அது விழுப்புரம் மாவட்டம். அன்றைக்கு பிரிட்டிஷ் இந்தியா. இந்தப் பக்கம் பிரெஞ்சுக் கொடி. இந்தப் பக்கம் இருக்கிற ஓர் ஆளைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் முடிந்தது கதை, பிரெஞ்சுச் சட்டம் கைகட்டி நிற்கும். கடத்தல்காரனுக்கு இதைவிட வசதியான லொகேஷன் எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்!

நட்சத்திரப் பட்டாளத்துக்கும் குறைவில்லை. பாரதி 1908-லேயே வந்துவிட்டார். 1910 ஏப்ரல் 4-ம் தேதி டூப்ளே கப்பலில் அரவிந்தர் வந்து இறங்கினார். அதே வருஷம் லண்டனிலிருந்து தப்பி வந்தார் வ.வே.சு. ஐயர். அவர் தப்பித்த கதையே தனிப் படம். பெட்டியில் வி.வி.எஸ். என்று எழுத்து. 'நீதானே ஐயர்?' என்று துப்பறிவாளன் மடக்கினால், 'நான் வீர் விக்ரம் சிங்' என்று தாடியோடு சீக்கியராக நிற்கிறார்! ஐயர் பெயருக்குத் தந்தி ஒன்றை நீட்டிப் பார்த்தார்கள், அதற்கும் அசையவில்லையாம்.

இத்தனை பேரும் ஒரே ஊரில் கூடிவிட்டால் பிரிட்டிஷ் சி.ஐ.டி. சும்மா இருக்குமா? வாடகைக்கு வீடு பிடித்து ஆட்களைக் குடிவைத்தது. பிரெஞ்சு மண்ணில் யூனிஃபார்ம் போட முடியாது, அதனால் எல்லோரும் மஃப்டி. அரவிந்தரோடு இருந்த நளினி காந்த குப்தா இவர்களைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் வயிறு குலுங்கும். தெருமுனை நடைபாதையில் மூன்று நான்கு பேராக உட்கார்ந்துகொண்டு பகல் முழுக்க அரட்டை. எப்போதாவது நோட்டில் ஒரு கிறுக்கல். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு அந்தப் பழைய கோப்புகள் சில கிடைத்தபோது பார்த்தால், ஆட்கள் மனசுக்குத் தோன்றியதையெல்லாம் கதை கட்டி அனுப்பியிருக்கிறார்கள். அத்தனை கற்பனை வளத்தையும் பாழாக்கிவிட்டார்கள். அன்றைக்குச் சென்னையில் டாக்கி இருந்திருந்தால் கதை இலாகாவில் சேர்ந்து பிழைத்திருப்பார்கள்.

சரி, கடத்தல் சீன். அரவிந்தரைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டிவிடுவது என்று திட்டம். உள்ளூர் அடியாட்களுக்குத் தலைவனாகப் பேசப்பட்டவர் நந்தகோபால் செட்டி. விஷயம் எப்படியோ கசிந்துவிட, வீட்டிலிருந்த இளைஞர்கள் ஆசிட் பாட்டில்களைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருந்தார்கள். விளக்கு ரெடி, கேமரா ரெடி. வில்லனைக் காணோம்! வரவேண்டிய அன்றைக்குப் பார்த்து நந்தகோபால் மேலேயே வாரண்ட் பிறந்து, மனுஷர் சென்னைக்கு ஓட்டம் பிடித்துவிட்டார். அரவிந்தர் ஆசிரமத்துப் பழைய நினைவுக் குறிப்புகள் சொல்வது இதுதான். கால்ஷீட் பிரச்சினையால் ஒரு கடத்தல் நின்றுபோனது உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது லண்டனுக்குத் தாவுங்கள். படம் 'தி மேன் ஹூ நியூ டூ மச்'. வெளிநாட்டு அரசியல் தலைவர் ஒருவரைக் கொல்லச் சதி. அது தெரிந்துபோன தம்பதியின் வாயை அடைக்க, மகளைக் கடத்துகிறார்கள். மகளாக நடித்த நோவா பில்பீமுக்கு அப்போது 14 வயது. வில்லன் பீட்டர் லாரே, ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஹிட்ச்காக்கை முதலில் பார்த்தபோது, அவர் கதை சொன்ன இடத்திலெல்லாம் கண்ணைப் பார்த்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்துச் சமாளித்தாராம். வசனத்தை ஓசையாகவே மனப்பாடம் பண்ணிப் பேசினார். அந்த மிருதுவான குரல் இன்றைக்கும் முதுகில் சில்லிட வைக்கிறது.

ஆல்பர்ட் ஹால் கச்சேரிக் காட்சிதான் படத்தின் உயிர். இசையில் தாளத்தட்டுகள் மோதும் கணத்தில் துப்பாக்கி வெடிக்க வேண்டும், சத்தம் அமுங்கிப்போகும். பிரம்மாண்ட அரங்கு நிறைய ஆட்கள். அவ்வளவு துணை நடிகர்களுக்குக் காசு ஏது? அரங்கைப் படம் பிடித்து, ஃபோர்ச்சுனினோ மட்டானியா என்ற ஓவியரிடம் கொடுத்து, இருக்கைகளில் கூட்டத்தை வரையச் சொல்லிவிட்டார் ஹிட்ச்காக். அந்த ஓவியத்தைக் கண்ணாடியில் பிரதிபலிக்க வைத்து, ஆங்காங்கே பின்பூச்சைச் சுரண்டி எடுத்து, அந்த ஓட்டை வழியாக மட்டும் நிஜ மனிதர்கள் தெரியும்படி பண்ணினார்கள். ஷுஃப்டான் முறை என்று பெயர். ஒரு பாக்ஸில் ஒரு பெண்மணி நிகழ்ச்சிநிரலைப் பிரித்துப் பார்ப்பார். அந்த ஒரு கை அசைந்ததும் பக்கத்திலிருக்கிற பெயின்ட் ஜனங்களும் மூச்சு விடுகிற மாதிரி நமக்குத் தோன்றிவிடும். அடப் பாவி மனுஷா!

கிளைமாக்ஸ் துப்பாக்கிச் சண்டைக்கு மூலம், 1911 ஜனவரியில் லண்டன் சிட்னி தெருவில் நடந்த நிஜ முற்றுகை. உள்துறை அமைச்சராக இருந்த சர்ச்சில் நேரிலேயே போய் நின்ற சம்பவம் அது. அந்த முற்றுகையின் பழைய சங்கடம் நினைவில் இருந்ததால், போலீஸ் கையில் துப்பாக்கி வேண்டாம் என்று தணிக்கையில் முரண்டு பிடித்தார்கள். ஹிட்ச்காக், பக்கத்துத் துப்பாக்கிக் கடையிலிருந்து போலீஸ்காரர்கள் வாங்கிக்கொள்வதாகக் காட்டித் தப்பித்துக்கொண்டார்.

அதே 1911-ல்தான், ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். சந்தேகம் நம்மூர்ப் பக்கம் திரும்ப, புதுச்சேரிக்குள் ஒற்றர் நடமாட்டம் இன்னும் கூடியது. அந்நியர் தங்க வேண்டுமானால் ஊர்ப் பிரமுகர்கள் ஐந்து பேர் நற்சான்று தர வேண்டும் என்று பிரெஞ்சு அரசும் சட்டம் போட்டது. உள்ளூர்ப் பிரமுகர் கலவை சங்கரன் செட்டியார் அரவிந்தர் தரப்புக்காக அலைந்து ஐந்து கையெழுத்தையும் வாங்கி வந்துவிட்டார்.

ஆள் தூக்குவது நடக்கவில்லை, இனி செட் பிராப்பர்ட்டியால் மடக்குவோம் என்று 1912-ல் ஓர் ஐடியா. மயூரேசன் என்ற ஒற்றர் வேலை. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி. உள்ளே காளி படம், வங்காளி எழுத்தில் காகிதங்கள்: வெடிகுண்டுச் சதி என்று யாரும் நம்பும்படி பக்காவான செட்டப். ஆனால் போலீஸ் வந்து 'கண்டுபிடிப்பதற்கு' முன்னாலேயே, தண்ணீர் சேந்தப் போன வேலைக்காரப் பெண்ணின் வாளியில் ஜாடி ஏறி வந்துவிட்டது! அரவிந்தர் யோசனைப்படி அவர்களே பிரெஞ்சுப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள்.

பிறகும் மயூரேசன் விடாமல் புகார் கொடுக்க, விசாரணை நீதிபதி நந்தோ சோதனைக்கு வந்தார். அரவிந்தர் வீட்டில் மேஜை நாற்காலியே அபூர்வம். இருந்தது புத்தகம்தான், அதில் கிரேக்கமும் லத்தீனும். 'லத்தீன் தெரியுமா, கிரேக்கம் தெரியுமா' என்று அசந்துபோன நீதிபதி, வெடிகுண்டை மறந்துவிட்டு, ஒருநாள் தம்மை வந்து பார்க்கும்படி அழைத்துவிட்டுப் போனார். அரவிந்தரும் போய்ப் பார்த்தார். பொய்ப் புகார் தன் கழுத்துக்கே வரும் என்று தெரிந்ததும் மயூரேசன் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடிவிட்டார். அரவிந்தரைத் தாண்ட வைக்கப் பார்த்த அதே எல்லை.