எலுமிச்சை, வாழைப்பழம்... ஒரு காலண்டர் தாள்!

கர்ப்பிணியின் ஸ்கேன் படத்தைப் பார்ப்பவர்கள் இரண்டு ரகம். 'ஒண்ணுமே புரியலையே' என்று உண்மையைச் சொல்கிறவர்கள் ஒன்று. 'அட, அப்படியே தாத்தா மூக்கு!' என்று அடித்துவிடுகிறவர்கள் இன்னொன்று. பி.காம். படித்த நான் முதல் ரகம். பேலன்ஸ் ஷீட்டில் ஓட்டை எங்கே என்று கேளுங்கள், சொல்கிறேன். இந்தக் கறுப்பு வெள்ளைப் புள்ளிமழையில் தலை எது, கால் எது... ஊஹூம்!

இந்த மெஷினின் பூர்வீகமே தொழிற்சாலைதான். ஒலி அலையை அனுப்பி, எதிரொலியை வைத்து உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவி அது. கிளாஸ்கோ டாக்டர் இயான் டொனால்ட் 1955-ல் ஆபரேஷனில் எடுத்த கட்டிகளை ஒரு பாய்லர் கம்பெனிக்கே கொண்டுபோய் அந்தக் கருவியில் சோதித்துப் பார்த்தார். 1958-ல் அவர் குழுவின் கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது. அங்கே ஆரம்பித்த பயணம் இது.

"சரி டாக்டர், குழந்தைக்குக் குறை இருந்தா இதுல எப்படித் தெரியும்?" தெரிந்த ஸ்கேன் டாக்டர் அம்மா ஒருவரிடம் கேட்டேன்.

"பழக்கடையை வெச்சுத்தான்!" என்றார்.

விழித்தேன். சுவரிலிருந்த காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் வரைய ஆரம்பித்தார்.

ஸ்பைனா பைஃபிடா என்று ஒரு குறை. முதுகெலும்பு ஓரிடத்தில் மூடாமல் திறந்தே இருக்கும். முன்பெல்லாம் முள்ளெலும்பு ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். லண்டனில் டாக்டர் கைப்ரோஸ் நிக்கோலாய்டீஸ் குழுவினர் 1986-ல் ஒரு சங்கதி சொன்னார்கள். ஓட்டை முதுகில், துப்பு தலையில்! முதுகு வழியே நீர் கசிவதால் மூளையின் பின்பகுதி கீழே இறங்குகிறது. டம்பெல் மாதிரி இருக்கவேண்டிய சிறுமூளை வளைந்து வாழைப்பழம் ஆகிறது. நெற்றிப் பக்கம் ஒடுங்கி, மண்டை எலுமிச்சை ஆகிறது. நம்ம ஊர் உருண்டை எலுமிச்சை இல்லை சார், முனை கூம்பிய சீமை எலுமிச்சை. அது மட்டும் சில நல்ல குழந்தைகளிடமும் தெரியுமாம். வாழைப்பழம்தான் பலமான சாட்சி.

நாலே கோடு. எனக்கே புரிந்துவிட்டது!

"இந்தப் படத்தைப் பெத்தவங்க கையில ஏன் குடுக்கறேன் தெரியுமா?" என்றார் டாக்டர். "வீட்டுல ஆரம்பிச்சிருப்பாங்க... 'கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா?'னு. இது மூடவேண்டியது கரு உண்டான நாலு வாரத்துக்குள்ள. அப்ப நிறைய பேருக்குக் கர்ப்பம்னே தெரியாது. அந்தப் பொண்ணு மேல என்ன தப்பு?"

ஃபோலிக் ஆசிட் மாத்திரையை, கரு உண்டாகும் முன்பே தொடங்கச் சொல்வதும் இதனால்தான்.

புரிந்தால்தான் முடிவெடுக்க முடியும். வயிற்றில் இருக்கும்போதே முதுகை மூடும் ஆபரேஷன் இருக்கிறது. 2011-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், பிறந்தபின் ஆபரேஷன் செய்த குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேருக்கு ஒரு வயதுக்குள் மூளை நீரை வடிக்கும் குழாய் தேவைப்பட்டது. வயிற்றிலேயே செய்தவர்களில் 40. ஆனால் குறைப்பிரசவ அபாயம் கூடியது. லாபம், நஷ்டம் இரண்டும் உள்ள கணக்கு. போடவேண்டியவர்கள் பெற்றவர்கள். கணக்குப் புரியாமல் கையெழுத்து எப்படிப் போடுவது?

ஸ்கேன் ரிப்போர்ட் புரியவில்லையா? வெட்கப்படாமல் கேளுங்கள், "கொஞ்சம் வரைஞ்சு காட்டுங்க டாக்டர்!" காகிதம் இல்லை என்றால், நேற்றைய தேதி சும்மாதானே இருக்கிறது?