நடந்தால் மட்டும் போதுமா?

எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். வயது 62. மழையானாலும் பனியானாலும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாமியைக் கடற்கரையில் பார்க்கலாம். கைகளை வீசிக்கொண்டு அவர் நடக்கிற வேகத்தைப் பார்த்தால், ரயிலைப் பிடிக்கத்தான் ஓடுகிறாரோ என்று தோன்றும்.

நவராத்திரியில் மாமி எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்தார். பாயில் உட்கார்ந்து இனிமையாக ஒரு பாட்டும் பாடினார். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள எழுந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிப் பார்த்தார். அப்படியும் முடியவில்லை.

"கொஞ்சம் கை கொடும்மா! உட்கார்ந்தால் எழுந்திருக்க வரமாட்டேன் என்கிறது" என்று சிரித்தார். ஆனால் கண்கள் கலங்கியிருந்தன. "தினம் ஒரு மணி நேரம் நடக்கிறேனே, பின்னே ஏன் இப்படி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வாசக சகோதரிகளே, உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும்.

தேகப் பயிற்சியில் இரண்டு வகை உண்டு. நடை, ஓட்டம், நீச்சல், சைக்கிள் ஆகியவை இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லவை. கனத்தைத் தூக்குவதும், தள்ளுவதும், இழுப்பதும் தசைகளுக்கு உரம் ஏற்றுபவை. ஒன்றின் வேலையை மற்றொன்று முழுவதும் செய்துவிடாது.

நடமாட்டத்தின் பெருமையை 1953-ல் லண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற டாக்டர் எடுத்துக் காட்டினார். நாள் முழுவதும் உட்கார்ந்தே பஸ் ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது! ஆகவே மாமி நடப்பது வீண் அல்ல. அவருடைய இருதயம் அவரை வாழ்த்திக்கொண்டுதான் இருக்கும்.

ஆனால் தசையின் கதை வேறு. முப்பது வயதுக்குப் பிறகு அது மெல்ல மெல்லக் கரையத் தொடங்குகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பும் சேர்ந்து மெலிகிறது. தசை தளர்ந்தால் கால் தடுமாறும். எலும்பு மெலிந்திருந்தால் ஒரு வழுக்கலில் இடுப்பு எலும்பே முறியும். அது மட்டுமா? ரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வதும் தசைதான். அது குறைந்தால் நீரிழிவுக்கு வசதி.

நம் பாட்டிமார் குடம் சுமந்தார்கள், அம்மியில் அரைத்தார்கள். நமக்கு மிக்ஸி இருக்கிறது, லிப்ட் இருக்கிறது. சுகம்தான். ஆனால் தசைக்கு வேலை ஏது?

"இந்த வயதில் இனி என்ன?" என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், மரியா பியாடரோன் என்ற பெண் டாக்டரும் அவருடைய சகாக்களும் தொண்ணூறு வயதை ஒட்டிய தளர்ந்த முதியவர்களுக்கு எட்டு வாரம் கனம் தூக்கும் பயிற்சி அளித்தார்கள். கால்களின் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆயிற்று!

அப்படியானால் இரண்டையும் ஒரேயடியாகச் செய்துவிடலாமா? அங்கேதான் நிதானம் வேண்டும். 1980-ல் ராபர்ட் ஹிக்ஸன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு குழுவினருக்கு, வாரம் ஐந்து நாள் பலப் பயிற்சியும் ஆறு நாள் கடுமையான ஓட்டம், சைக்கிள் பயிற்சியும் கொடுத்தார். ஏழு வாரம் வரை பலம் ஏறியது. பிறகு நின்றது. பத்தாவது வாரத்துக்குள் இறங்கவே தொடங்கிவிட்டது! களைத்த தசைக்கு ஓய்வும் இல்லாவிட்டால் அது எப்படி வளரும்?

பயப்பட வேண்டாம். அளவோடு செய்கிறவர்களுக்கு ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதில்லை என்று பிற்கால ஆராய்ச்சிகள் தெரிவிக்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொன்ன கணக்கு இது: வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி, அத்துடன் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி.

நம் வீட்டுக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்வோம். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் விறுவிறுவென்று நடை. செவ்வாயும் வெள்ளியும் இருபது நிமிஷம் தசைக்கு. இரண்டும் ஒரே நாளில் வந்தால், காலையில் தசைப் பயிற்சி, மாலையில் நடை.

என்ன செய்வது? பிள்ளையார் நமக்குக் கற்றுக் கொடுத்த தோப்புக்கரணமே இருக்கிறது! முழங்கால் இடம் கொடுக்காதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்தால் போதும். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். குதிகாலைத் தூக்கி நில்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ கனம். இரண்டு கைகளிலும் பிடித்துத் தூக்குங்கள். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு தடவை சற்றுச் சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் கனத்தைக் கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள். ரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்குவது உத்தமம்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினசரி தேவை என்பது நம் நாட்டு நிபுணர்களின் கணக்கு. அறுபது கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் ஐம்பது கிராம். ரசத்தின் தெளிவில் அது கிடைக்காது. பருப்பு, சுண்டல், தயிர், பால், முட்டை, மீன் என்று அவரவர் வழக்கப்படி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"கனம் தூக்கினால் பயில்வான் மாதிரி ஆகிவிடுவோமோ?" என்ற கவலை வேண்டாம். அப்படித் தசை திரளச் செய்கிற ஹார்மோன் பெண்களிடம் மிகக் குறைவு.

மாமி என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? நாற்காலியில் தொடங்கினார். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், பாயைத் தேடி உட்கார்ந்தார். போகும்போது நான் கையை நீட்டினேன்.

"வேண்டாம், வேண்டாம்! நீ வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு வா" என்றார். ஒரு கையை மட்டும் தரையில் ஊன்றி எழுந்தும்விட்டார்!