உரப்பளந்து ஒலி சமன்செய்தல்

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய கரையூர்களில் இன்று பலருடைய பாட்டுத் திரட்டுக் கைப்பேசியிலும் பென்ட்ரைவிலும் அடங்கிவிடுகின்றது. நாகூர் ஹனிபாவின் பழம்பாடலும், ஒலிநாடாவிற் பதிந்த மூதாட்டியின் நாட்டார் கவியும், புதிய திரைப்பாட்டும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. கவி ஒலிக்குங்கால் செவியைத் தீட்டிக் கேட்கின்றோம். அடுத்த பாட்டோ இடியென விழுகின்றது. இளையோர் கவியைத் தள்ளிவிட்டு அப்பாற் செல்கின்றனர். மெல்லொலி காரணமாகவே நம் முதுசொம் கேட்பாரற்றுப் போகின்றது. இக்குறையை நீக்கும் வழியை ஈண்டு விளக்குவாம்.

அலையின் உச்சம் வேறு. செவி உணரும் உரப்பு வேறு. ஒரேயொரு பறையடி உச்சத்தைத் தொட, பாட்டு முழுதும் மெலிந்தே இருத்தல் கூடும். ஆதலின் உச்சங்களை மட்டும் ஒப்பாக்குவதாற் பயனில்லை. மேலும், செவி எல்லாச் சுருதிகளையும் ஒரே உரப்பாகக் கேட்பதில்லை என்பதைப் பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933இல் அளந்து காட்டினர். செவியின் இவ்வியல்பைத் தழுவி, டேவிட் ராபின்சன் என்பார் 2001இல் ‘ரீப்ளே கெயின்’ முறையை வகுத்தார். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் உரப்பை அளக்கும் நியமத்தை வெளியிட்டது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ்நூலிற் சுருதியை எண்ணால் ஆராய்ந்தார். இங்கே உரப்பு எண்ணாகின்றது.

ஓர் உதாரணம் காண்போம். பதிவு தாங்கக்கூடிய உயரெல்லையைச் சுழியம் என்க. கவியின் உரப்பு −26. திரைப்பாட்டின் உரப்பு −9. இரண்டையும் −18க்குக் கொணர, கவியை 8 டெசிபெல் உயர்த்தவேண்டும். ஆனால் கவியின் உச்சம் −3இல் நின்றால், 3 டெசிபெலுக்குமேல் உயர்த்த இடமில்லை. உயர்த்தின் அலையின் தலை வெட்டுண்டு குரல் கரகரக்கும். ஆகவே இலக்கை −23 எனக் கொள்க. கவி 3 ஏறும். திரைப்பாட்டு 14 இறங்கும். குறைந்த ஒலியை ஒலிபெருக்கியின் திருகு ஈடுசெய்யும். மெலிந்ததை வருத்தாது வலியதைத் தாழ்த்துவதே நன்முறை.

ஃபூபார் 2000 போன்ற செயலிகள் ஒவ்வொரு பாட்டையும் அளந்து, ஏற்றவேண்டிய அல்லது இறக்கவேண்டிய அளவைக் கோப்பின் குறிப்பில் மட்டும் எழுதுகின்றன, ஒலி மாறுவதில்லை. குறிப்பை அழிப்பின் பழைய நிலை மீளும். அக்குறிப்பைப் படிக்கவல்ல கருவியிலேயே பயன் கிட்டும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கூத்துப்போலத் தொடர்ந்து செல்லும் பதிவுகளுக்குத் தொகுதி முழுமைக்கும் ஒரே அளவு கொள்க. தனித்தனியே சமன்செய்தால் மெல்லிய விருத்தமும் முழங்கும் தருவும் ஒன்றாகிச் சுவை கெடும்.

பழைய மாணவர் பலரது இல்லங்களில் ஒலிநாடாக்கள் இன்னும் உறங்குகின்றன. அவற்றைக் கணினியிற் பதித்து, மூலப்படியை மாற்றாது தனியே பேணி, பின் உரப்பை அளந்திடுக. முன்னோர் குரல் மாணவர் செவியில் ஏனைப் பாட்டுக்களோடு நிகராக ஒலிக்கட்டும்.