கற்றலின் மறுபாதி

கல்வி கற்குங் காலம் வேறு, தொண்டு செய்யுங் காலம் வேறு எனக் கருதுவோர் நம்மிடையே பலர். மாணாக்கன் முதலிற் கற்று முடிக்கட்டும். பட்டமும் பதவியும் பெற்று ஓய்வுங் கிடைத்தபின் ஊருக்கு உழைக்கட்டும் என்பது அவர் கொள்கை. தொண்டு நல்லதேயாயினும் பாடநேரத்தை அது விழுங்கிவிடும் என்பது அவர் அச்சம். இவ்வச்சம் ஆராயற்பாலது.

நன்னூலார் பொதுப்பாயிரத்திலே புலமை நிரம்பும் வகையைப் பகுத்துக் காட்டியுள்ளார். ஆசிரியர் உரைத்ததை எத்துணை நன்றாக உளங்கொண்டாலும் மாணாக்கனுக்கு எய்துவது காற்கூறே. உடன் கற்பாரோடு பயில்வதால் இன்னொரு காற்கூறு சேரும். எஞ்சிய அரைக்கூறோ கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும். முனிவர் கருதியது நூற்பொருளை உரைத்தலையே எனினும், அக்கருத்தை ஏனைய பாடங்களுக்கும் விரித்துக் காணல் தகும். பிறர்க்குக் கொடுத்தல் கற்றலின்பின் வரும் அறம் மட்டுமன்று. கற்றலின் மறுபாதியும் அதுவே.

இதனைச் செயலிற் காட்ட முயன்றோருள் ரவீந்திரநாத் தாகூர் ஒருவர். 1922 ஆம் ஆண்டு சாந்திநிகேதனத்தை அடுத்த சுருல் என்னுங் கிராமத்திலே கிராம புனரமைப்பு நிலையம் ஒன்றை அவர் தொடங்கினார். பின்னர் ஸ்ரீநிகேதனம் எனப் பெயர்பெற்றது அதுவே. அமெரிக்காவில் விவசாயங் கற்ற எல்ம்ஹேர்ஸ்ற் என்னும் ஆங்கிலேயர் அதன் முதற் பணிப்பாளரானார். சுற்றுக் கிராமங்களை மலேரியாவும் வறுமையும் வாட்டின. மாணாக்கர் மருந்தைச் சுமந்து செல்லுமுன் ஊரின் நிலையை ஆராய்ந்தறியப் பழகினர். அவ்வாராய்ச்சியே அவர்க்குப் பாடமாயிற்று.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 1958 ஆம் ஆண்டு கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணாக்கரைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்னுங் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கு வாழ்ந்தோர், சிங்களச் சாதியமைப்பிலே தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட றொடிய மக்கள். நகரத்து மாணாக்கர் அவ்வூரிலே தங்கி, அவ்வூராரோடு சேர்ந்து உழைத்தனர். சாதிக்கொடுமை என்பதைப் புத்தகத்திற் படித்து விடையெழுதுதல் ஒன்று. ஒதுக்கப்பட்டவர் பக்கத்திலே நின்று மண்வெட்டி பிடித்தல் மற்றொன்று. சர்வோதய சிரமதான இயக்கம் அம்முகாமிலிருந்தே வளர்ந்தது.

அமெரிக்காவிலே 1960 களில் இம்முறைக்குச் 'சேவைவழிக் கற்றல்' எனப் பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. அதனை வகுத்தவருள் ஒருவராகிய றொபேட் சிக்மன் 1979 இல் மூன்று விதிகளைக் கூறினார். செய்யப்படுந் தொண்டு யாதென்பது அதனைப் பெறுவோர் ஆளுகைக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். பெறுவோர் தம் செயலால் தாமே வலிமையுறுதல் வேண்டும். செய்வோர் தாமுங் கற்போராதல் வேண்டும். இவற்றுள் முதல் விதியே நாம் பெரிதும் மறப்பது. ஊராரைக் கேளாது ஊருக்குள் நுழைந்து, வீதியைக் கூட்டி, படம் பிடித்துக்கொண்டு மீளுதல் தொண்டாகாது. ஏழையின் முற்றம் மாணாக்கனின் அப்பியாசக் கொப்பி அன்று.

இனிப் புள்ளி பற்றிய வினா எழும். புள்ளி வழங்கினால் புள்ளிக்காகவே தொண்டு நிகழும். வழங்காவிடின் சோதனைக் காலத்திலே தொண்டு கைவிடப்படும். இந்தியாவில் 1969 இல் 37 பல்கலைக்கழகங்களிலே தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம், ஈராண்டில் 240 மணிநேரப் பணியை வகுத்தது. மணிக்கணக்கு ஒழுங்கைத் தரும். ஆயின் மாணாக்கன் கற்றது யாது என்பதை அது சொல்லாது. கழிந்த நேரத்துக்கன்றி, அதனாற் பெற்ற தெளிவுக்கே புள்ளி இடுதல் முறை. கண்டதையும், கண்டதற்குக் காரணத்தையும், பாடநூலோடு அது ஒத்தும் மாறுபட்டும் நின்ற இடங்களையும் மாணாக்கன் எழுதுவானாக. ஆசிரியர் அதனைத் திருத்துவாராக. அவ்வாறாயின் பாடநேரம் விழுங்கப்படுவதில்லை. பாடமே வயலுக்கும் வீதிக்கும் செல்கின்றது.

நம் கல்லூரிகள் செய்யத்தக்கது யாது? யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலம் சுண்ணக்கல்லாலானது. தோட்டத்துக்கு இடும் பசளையும் மலகூடக் குழிகளின் கழிவும் எளிதில் நிலத்தடி நீரைச் சேரும். பல கிணறுகளிலே நைத்திரேற்று மிகுந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதற்கு மேற்பட்ட நீர் புட்டிப்பால் குடிக்குங் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு பயக்கும். இரசாயனம் பயிலும் மாணாக்கர், ஊரார் விரும்பிக் கேட்பின், ஆசிரியர் மேற்பார்வையிலே அவர் கிணற்று நீரைச் சோதித்து, முடிபை விளங்கும் தமிழிலே வீட்டாருக்கு எடுத்துரைக்கலாம். அதனால் இரசாயனமும் விளங்கும், தாய்மாரும் விழிப்புறுவர். தாழ்த்தப்பட்டோர் நீரள்ளத் தடைசெய்யப்பட்ட கிணறுகள் பல இம்மண்ணில் இருந்தன என்னும் வரலாற்றையும் அக்கிணற்றடியிலே அவர் கேட்டறிவர்.

மொழி பயில்வோர்க்கும் வேலையுண்டு. தமிழ் 1987 இல் அரசகரும மொழியாயிற்று. எனினுஞ் சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட கடிதத்தைக் கையில் ஏந்தி, வாசிப்பாரைத் தேடும் முதியோரை இன்றுங் காணலாம். இருமொழி பயிலும் மாணாக்கர் கிழமைக்கு ஒருநாள் மாலை சனசமூக நிலையத்திலிருந்து அக்கடிதங்களைப் பெயர்த்துரைப்பாராயின், மொழிபெயர்ப்புப் பாடத்துக்கு அதனினுஞ் சிறந்த பயிற்சி வேறில்லை. அங்கே ஒரு சொற் பிழைத்தால் ஒருவர் உதவிப்பணம் தவறலாம். ஆதலின் ஐயமுற்ற சொல்லை ஆசிரியரிடம் கேட்டே உரைக்கும் பொறுப்பும் மாணாக்கனுக்கு உண்டாகும். தன் சொல்லை நம்பி ஒருவர் எதிரே அமர்ந்திருக்கும்போது வரும் அக்கவனம் சோதனை மண்டபத்திலே வருவதரிது.

ஆசிரியர்க்கு ஒரு சொல். இதற்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ வேண்டியதில்லை. அடுத்த தவணைப் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்து, இதில் எப்பகுதி நம்மூரில் எவர்க்கு உதவும் என ஒருமுறை வினாவுக. பின்னர் அவரிடமே சென்று, உமக்கு வேண்டுவது யாது என வினாவுக. இவ்விரு வினாவிற்கும் விடை பொருந்துமிடத்திலே நன்னூலார் சொன்ன மறுபாதி தொடங்கும்.